‘போ-வூப்’: ஒரு வேட்டைத் துவக்கின் அடையாளமும் உடைமையும்

1

வரலாற்று ஆராய்ச்சியிற் பொருட்சான்றுகள் பெறும் இடம் பற்றி எமது பல்கலைக்கழகங்களில் நீண்ட காலமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. கல்வெட்டு, நாணயம், மட்பாண்டம் ஆகியன குறித்த ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. எனினும், ஒரு பொருள் தொலைந்து பல்லாண்டுகளின் பின்னர் மீண்டும் வெளிப்படும்போது எழும் வினாக்கள் போதிய அளவு கவனம் பெறவில்லை. அத்தகைய வேளையில் இரு வினாக்கள் எழுகின்றன. வெளிப்பட்ட பொருள் தொலைந்துபோன அப்பொருள்தானா என்பது முதலாவது வினா. அஃது இன்று எவருக்கு உரியது என்பது இரண்டாவது. இவை இரண்டும் ஒரே வினாவின் இரு பகுதிகள் போலத் தோன்றினும் உண்மையில் வெவ்வேறானவை. முதலாவது பொருளை நோக்கி எழுப்பப்படுவது. இரண்டாவது மனிதரிடையே நிலவும் உறவுகளை நோக்கி எழுப்பப்படுவது. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடையாகக் கொள்ளும் மயக்கம் அறிஞரிடத்தும் காணப்படுகின்றது.

இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துமுகமாக, ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1948 இல் தொலைந்து, 2005 ஆம் ஆண்டளவில் மீண்டும் வெளிப்பட்ட ஒரு வேட்டைத் துவக்கின் வரலாற்றை நாம் இங்கு நோக்குவோம். வசதி படைத்த ஒருவரின் பொழுதுபோக்குக் கருவி பற்றி நாம் ஏன் ஆராய வேண்டும் என வாசகர் வினவுதல் நியாயமே. இத்துவக்கின் வரலாறு பெருமளவு எழுத்திற் பதியப்பட்டிருத்தலால், ஒரு பொருளின் அடையாளம் எவ்வாறு நிறுவப்படுகின்றது என்பதை இதனூடாகத் தெளிவாகக் காணலாம். அது மட்டுமன்று. எவருடைய பொருள், எவருடைய பெயர், எவருடைய உழைப்பு ஆகியன பதிவு பெறுகின்றன, எவருடையவை விடுபட்டுப் போகின்றன என்பதையும் இது காட்டுகின்றது.

2

துவக்கின் முதல் உரிமையாளர் நாஷ் பக்கிங்ஹாம் (1880-1971). தென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிற் பிறந்த இவர், அமெரிக்க வேட்டை இலக்கியத்தின் முதன்மையான எழுத்தாளருள் ஒருவராகக் கருதப்படுகின்றார். மிசிசிப்பி மாநிலத்தின் துனிக்கா மாவட்டத்திலிருந்த பீவர் டாம் வேட்டைக் கழகம் இவருடைய எழுத்துகள் பலவற்றுக்குக் களமாயிற்று. 1934 இல் வெளிவந்த இவரது முதலாவது கதைத்தொகுதி இன்றும் வேட்டைப் பிரியரால் விரும்பி வாசிக்கப்படுகின்றது.

பக்கிங்ஹாமை வேட்டைக்காரர் என்று மட்டுங் கூறி அமைதல் பொருந்தாது. 1920களில் மேற்கத்தியத் தோட்டாக் கம்பனியில் வேட்டைப் பிராணிகளைப் பெருக்கும் பணிக்குப் பொறுப்பாயிருந்த இவர், பின்னர் அமெரிக்க நீர்ப்பறவை வேட்டையாளர் அமைப்பொன்றின் செயலாளராகவும் பணியாற்றினார். உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்துக் காட்டுவாத்துகளை ஈர்ப்பதையும், தானியந் தூவிப் பறவைகளைக் கூட்டிச் சுடுவதையும் தடைசெய்ய வேண்டுமென வாதிட்டவர்களுள் இவரும் ஒருவர். 1934 இல் வாத்து வேட்டைக்குரிய முத்திரைச் சட்டம் நிறைவேறியது. 1935 இல் மேற்கூறிய இரு முறைகளும் தடைசெய்யப்பட்டன. துவக்கு தொலைந்த சம்பவத்தை நோக்கும்போது இச்செய்தியை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

துவக்கின் தோற்றம் 1920களில் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்ப மாற்றத்துடன் தொடர்புடையது. அக்காலத்தில், மெதுவாக எரிந்து அழுத்தத்தைப் படிப்படியாகத் தரும் வெடிமருந்தைக் கொண்ட புதிய தோட்டாக்களை மேற்கத்தியத் தோட்டாக் கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்தது. கூடிய எண்ணிக்கையிலான சன்னங்களை நெடுந்தூரத்துக்கு நெருக்கமாகச் செலுத்த இத்தோட்டாக்களால் இயலுமாயிற்று. ஆயின், பழைய துவக்குகளின் குழல்கள் இவற்றின் முழுப் பயனையும் பெற ஏற்றவையாக இருக்கவில்லை. பிலடெல்பியாவிலிருந்த ஏ. எச். பொக்ஸ் கம்பனி இத்தேவையை முன்னிட்டுக் கனமான இரட்டைக்குழல் துவக்கொன்றைத் தயாரித்தது. ‘சுப்பர் பொக்ஸ்’ என அது வழங்கப்பட்டது. இவ்வகைத் துவக்கொன்றின் குழல்களைப் பேர்ட் பெக்கர் என்னும் கைவினைஞர் பக்கிங்ஹாமுக்காகச் சிறப்பாகக் கடைந்து கொடுத்தார். 12 ஆம் இலக்கத் துளையும் 32 அங்குல நீளமான குழல்களும் கொண்ட அது, ஏறத்தாழ 10 இறாத்தல் நிறையுடையது. சாதாரண வேட்டைத் துவக்குகள் 7 அல்லது 8 இறாத்தலுக்கு மேற் செல்வது அரிது.

‘போ-வூப்’ என்னும் பெயர் இத்துவக்கின் வெடியோசையிலிருந்து பிறந்தது. சதுப்பு நிலத்துக்கு அப்பால் நின்று கேட்கும்போது அதன் ஓசை ஏனைய துவக்குகளின் ஓசையிலிருந்து வேறாக, ஆழ்ந்து ஒலித்ததாம். அவ்வொலியைப் பின்பற்றி இப்பெயரைச் சூட்டியவர் பக்கிங்ஹாமின் நண்பரும் எழுத்தாளருமான கேணல் ஹரல்ட் ஷெல்டன் ஆவர். பக்கிங்ஹாம் தம் எழுத்துகளில் இப்பெயரை மீட்டும் மீட்டும் எடுத்தாண்டமையால், துவக்கு ஒரு கதாபாத்திரமாகவே வாசகர் மனத்தில் நிலைபெற்றது. தொழிற்சாலையொன்றிற் செய்யப்பட்ட கருவி எழுத்தினாற் புகழ்பெற்ற பொருளாக மாறியமை ஈண்டு கவனிக்கத்தக்கது. அதன் பிற்கால விலையை நிர்ணயித்ததும் உருக்கோ மரமோ அன்று, இவ்வெழுத்தே.

3

1948 ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி பக்கிங்ஹாம் ஆர்க்கன்சோ மாநிலத்தின் கிளாரண்டன் நகருக்கு அண்மையில் வாத்து வேட்டையை முடித்துக்கொண்டு நண்பர் ஒருவருடன் திரும்பிக்கொண்டிருந்தார். வேட்டைக் காவல் அலுவலர் அவர்களை நிறுத்தி அனுமதிப்பத்திரங்களைப் பரிசோதித்தனர். புகழ்பெற்ற எழுத்தாளரையும் அவருடைய துவக்கையும் இனங்கண்டதும் உரையாடல் நீண்டது. துவக்கு காரின் மட்காட்டின் மீது வைக்கப்பட்டது. பேச்சு முடிந்து கார் புறப்பட்டபோது அதை எவரும் நினைக்கவில்லை. வழியில் நினைவு வந்து திரும்பிச் சென்று தேடியபோது துவக்கு இல்லை. பத்திரிகையிலும் வானொலியிலும் அறிவித்தல்கள் விடுக்கப்பட்டும் பயன் கிட்டவில்லை.

தாம் எந்தச் சட்டவொழுங்குக்காகப் பல்லாண்டுகள் வாதாடினாரோ, அச்சட்டவொழுங்கின் வழமையான பரிசோதனையொன்றின்போதே அவர் தமது துவக்கை இழந்தார். இதனை விதியின் விளையாட்டென்று கூறி விட்டுவிடலாம். ஆயினும் இங்கு ஒரு சமூக உண்மை உண்டு. அலுவலர் அவரை ஐயத்துடன் நிறுத்திவைக்கவில்லை. மதிப்புடன் உரையாடினர். அவருடைய துவக்கை வியந்து நோக்கினர். ஒருவர் கையிலுள்ள ஆயுதம் வியப்புக்குரியதாவதும் ஐயத்துக்குரியதாவதும் அவருடைய சமூக நிலையைப் பொறுத்ததாக இருந்த ஒரு பிரதேசம் அது. இதனைப் பின்னர் நோக்குவோம்.

பக்கிங்ஹாமின் இழப்பை அறிந்த நண்பர்கள் பெக்கரைக் கொண்டே மற்றொரு துவக்கைச் செய்வித்தனர். அது ‘இரண்டாம் போ-வூப்’ எனப் பெயர் பெற்றது. ஒரே கைவினைஞரால் ஒரே உரிமையாளருக்காகச் செய்யப்பட்ட இரு துவக்குகள் இருந்தமை, பிற்காலத்தில் அடையாளங் காணும் பணியிற் கருத்திற் கொள்ள வேண்டிய ஒன்றாயிற்று.

4

2005 ஆம் ஆண்டளவில், தென் கரோலைனா மாநிலத்தின் டார்லிங்டன் நகரிலுள்ள துவக்குத் திருத்தும் பட்டறைக்குப் பழைய பொக்ஸ் துவக்கொன்று கொண்டுவரப்பட்டது. அதன் பிடங்கு உடைந்திருந்தது. கொண்டுவந்தவர் வேண்டியது பிடங்கைத் திருத்தித் தருமாறே. பட்டறையிலிருந்த கைவினைஞர் குழல்களின் மீது பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகளை வாசித்தார். அங்கே பக்கிங்ஹாமின் பெயரும் பெக்கரின் பெயரும் காணப்பட்டன.

பெயர் பொறிக்கப்பட்டிருத்தல் மட்டும் போதிய சான்றாகுமா? ஆகாது என்பதே எமது விடை. பொறித்தல் எளிது. புகழ்பெற்ற பெயர் ஒன்று ஒரு பொருளின் விலையைப் பன்மடங்கு உயர்த்துமாயின், அப்பெயரைப் பொய்யாகப் பொறிக்கும் தூண்டுதலும் அவ்வளவு வலிமையுடையதாகும். ஆகவே பொருட்சான்றை மூன்று நிலைகளில் வைத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, பொருளின் உள்ளமைதி. தொடர் எண் தொழிற்சாலை அவ்வகைத் துவக்கைச் செய்த காலத்துக்குப் பொருந்துகின்றதா, குழலின் நீளமும் துளையின் அளவும் நிறையும் ஏலவே எழுதப்பட்டுள்ள விவரங்களுடன் இயைகின்றனவா என்பன இங்கு கேட்கப்படுவன. பெக்கரின் கடைவேலை சாதாரண தொழிற்சாலை வேலையிலிருந்து அளவால் வேறுபட்டது. பெயரைப் போலியாகப் பொறிப்பவனால் குழலின் உட்துளையை அதே அளவுக்குக் கடைந்துவிட இயலாது. பெயரை விட வேலைப்பாடே உறுதியான கையொப்பம் எனலாம்.

இரண்டாவது, பொருளுக்குப் புறம்பான சான்று. பக்கிங்ஹாம் தம் துவக்கு பற்றி விரிவாக எழுதியிருந்தார். அத்துவக்குடன் அவர் நிற்கும் நிழற்படங்களும் இருந்தன. பிடங்கு செய்யப்படும் வால்நட் மரத்தின் வரியோட்டம் மரத்துக்கு மரம் வேறுபடுவது. தெளிவான நிழற்படமொன்று கிடைப்பின், கைரேகையைப் போன்றே அதனை ஒப்பிட்டு நோக்கலாம். வேட்டைத் துவக்குகளை ஆராய்வோர் பொதுவாகக் கையாளும் முறை இது.

மூன்றாவது, பொருள் வெளிப்பட்ட சூழ்நிலை. இதுவே வரலாற்று மாணவர் பெரும்பாலும் கவனியாது விடுவது. இத்துவக்கு ஏலவிற்பனைக்கென்று கொண்டுவரப்படவில்லை. உடைந்த பிடங்கைத் திருத்தும் பொருட்டே பட்டறைக்கு வந்தது. 1950களில் 50 டொலருக்கு அது வாங்கப்பட்டதென்றும், பின்னர் குடும்பத்தினுள்ளேயே கைமாறியதென்றும் அதனை வைத்திருந்தோர் கூறினர். மோசடி செய்ய முனைபவன் பொருளை அரைநூற்றாண்டு ஒரு மூலையில் வைத்திருந்து, பின்னர் திருத்தக் கொண்டுசெல்வான் எனக் கொள்ளுதல் பொருத்தமற்றது.

உடைந்த பிடங்கு ஓடும் காரிலிருந்து விழுந்ததை நினைவூட்டுகின்றது என்பது உண்மையே. ஆயின் ஒரு பிடங்கு உடைவதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். கதையோடு அழகாகப் பொருந்துவது என்பதற்காக ஒன்றைச் சான்றெனக் கொள்ளலாகாது. ஏனைய சான்றுகள் நிறுவியதனோடு இது முரண்படவில்லை என்ற அளவிலேயே இதனை ஏற்றல் தகும்.

இம்மூன்று நிலைச் சான்றுகளும் ஒரே திசையைக் காட்டின. 2010 மார்ச் மாதத்தில் மெயின் மாநிலத்தின் பெயார்பீல்ட் நகரில் நடைபெற்ற ஏலத்தில் துவக்கு 201,250 டொலருக்கு விலைபோனது. வாங்கியவர் பக்கிங்ஹாமின் வேட்டைத் தோழர் ஒருவரின் மைந்தர். அவர் அதனைத் தம்மிடம் வைத்திராது, நீர்ப்பறவை வாழிடங்களைப் பாதுகாக்கும் ‘டக்ஸ் அன்லிமிட்டட்’ என்னும் அமைப்புக்கு வழங்கினார். அவ்வமைப்பின் தலைமையகம் மெம்பிஸ் நகரிலேயே அமைந்துள்ளது. துவக்கு தன் உரிமையாளர் பிறந்த ஊருக்கே மீண்டது.

5

அடையாளம் பற்றிய வினா இவ்வாறு தீர்ந்தது. உடைமை பற்றிய வினா அவ்வளவு எளிதிற் தீர்வதன்று.

ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் இது தொடர்பாக அடிக்கடி எடுத்தாளப்படும் தீர்ப்பு 1722 இல் வழங்கப்பட்டது. புகைபோக்கி துப்புரவு செய்யும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகையை மதிப்பிடுவதற்காகப் பொற்கொல்லர் ஒருவரின் கடைக்குக் கொண்டுசென்றான். நிறுத்துப் பார்ப்பதாகக் கூறி வாங்கிய கடைப்பணியாளன் அதிலிருந்த கற்களைக் கழற்றிக்கொண்டு வெறுங்கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். கண்டெடுத்தவன் முழு உரிமையாளன் அல்லனாயினும், உண்மை உரிமையாளனைத் தவிர ஏனைய எவருக்கும் எதிராக அவனுக்கு உரிமையுண்டு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகத்தின் அடித்தட்டிலிருந்த ஒரு சிறுவனின் உரிமை பொற்கொல்லனுக்கு எதிராக நிலைநிறுத்தப்பட்ட வகையிலும் இத்தீர்ப்பு எமது கவனத்துக்குரியது. டார்லிங்டன் பட்டறையில் 2005 இல் நிகழ்ந்ததை இதனுடன் ஒப்பிடலாம். பொருளின் மதிப்பை அறிந்த கைவினைஞனும் அறியாத வாடிக்கையாளனும் எதிர்ப்படும் அதே சூழ்நிலை. ஆயின் இங்கு கற்கள் களவாடப்படவில்லை. கொண்டுவந்த குடும்பத்தின் உடைமையாகவே துவக்கு ஏலத்துக்குச் சென்றது.

எனினும் 1722 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மறுபாதியை நாம் மறத்தலாகாது. கண்டெடுத்தவனது உரிமை உண்மை உரிமையாளனுக்கு எதிராகச் செல்லாது. தெருவில் விழுந்த பொருள் கைவிடப்பட்ட பொருள் அன்று. பக்கிங்ஹாம் பத்திரிகையிலும் வானொலியிலும் அறிவித்தமையே, அவர் தம் உரிமையைத் துறக்கவில்லை என்பதற்குச் சான்றாகும். தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் பிறர்க்கு வழங்க இயலாது என்பது பழைய சட்டவிதி. இதன்படி, கண்டெடுத்தவரிடமிருந்து 50 டொலர் கொடுத்து வாங்கியவர் நல்லெண்ணத்துடன் வாங்கியிருப்பினும் முழு உரிமை பெறுவதில்லை. இலங்கையில் வழங்கும் உரோம-டச்சுச் சட்ட மரபும், தன் பொருளை எங்கு கண்டாலும் அதை மீட்கும் உரிமையை உரிமையாளனுக்கு அளிக்கின்றது.

அவ்வாறாயின் காலம் எதனையும் மாற்றுவதில்லையா? மாற்றுகின்றது. வழக்குத் தொடுப்பதற்கான காலவெல்லை கடந்துவிடின், நெடுங்காலம் வைத்திருந்தவரின் நிலை வலுப்பெறும். எப்போதிருந்து அக்காலத்தைக் கணிப்பது என்பதே சிக்கல். ஓவியர் ஜோர்ஜியா ஓகீப் 1946 இற் காணாமற்போன தம் மூன்று சிற்றோவியங்களுக்காகத் தொடுத்த வழக்கில், நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் 1980 இல் ஒரு புதிய கொள்கையை வகுத்தது. உரிமையாளர் தக்க முயற்சியுடன் தேடியிருப்பின், பொருள் யாரிடமுள்ளது என்பதை அவர் அறிந்த அல்லது அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தே காலம் கணிக்கப்படும் என்பதே அது. நியூயோர்க் மாநிலமோ, உரிமையாளர் கேட்டு மற்றவர் மறுத்த பின்னரே காலம் ஓடத் தொடங்குமெனக் கொள்கின்றது. ஒரே பொருள் ஒரு மாநிலத்தில் ஒருவருக்கும், எல்லை கடந்தால் மற்றொருவருக்கும் உரியதாகலாம். பொருளின் உருக்கும் மரமும் மாறவில்லை. மாறியது மனிதர் வகுத்த உறவே. உடைமை என்பது பொருளின் குணமன்று, சமூக உறவு என நாம் தொடக்கத்திற் கூறியது இதனாற் புலனாகும்.

போ-வூப்பைப் பொறுத்தவரை, ஏலமும் அதன் பின் நிகழ்ந்த நன்கொடையும் இச்சிக்கலைச் சட்டத்தால் அன்றி வேறு வழியால் தணித்தன. நீண்டகாலம் வைத்திருந்தோர் அதற்குரிய விலையைப் பெற்றனர். பக்கிங்ஹாமின் நட்புவட்டத்தைச் சேர்ந்தவர் விலையைக் கொடுத்தார். துவக்கு பொதுப்பார்வைக்கு வந்தது. மூன்று தரப்பினரும் ஏதோ ஒருவகையில் நிறைவடைந்தமையால் வினா மேலும் எழுப்பப்படவில்லை எனக் கொள்ளலாம்.

6

இனி, இவ்வரலாற்றில் விடுபட்டவர் பற்றி நோக்குவோம்.

பக்கிங்ஹாமின் புகழ்பெற்ற கதையில் அவருக்குப் படகு தள்ளுபவனாகவும் கதை சொல்லுபவனாகவும் வருபவன் ஹொரஸ் என்னும் கறுப்பினத்தவன். வாத்துகள் இறங்கும் துறையை அறிந்தவன், விடியுமுன் படகைச் செலுத்தியவன், சுட்ட பறவைகளைப் பொறுக்கியவன் அத்தகையவனே. அவனுடைய அறிவின்றி வேட்டை இல்லை. எனினும் இலக்கியத்தில் அவன் நகைச்சுவைக்குரிய கொச்சை மொழி பேசுபவனாகவே நிலைபெற்றான். துவக்கின் தொடர் எண் பதியப்பட்டது. குழலைக் கடைந்தவனின் பெயர் உருக்கிலே பொறிக்கப்பட்டது. படகைத் தள்ளியவர்களின் கைவினைக்கு எந்தப் பேரேட்டிலும் இடமிருக்கவில்லை.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையே அப்பிரதேசத்தில் நிற அடிப்படையில் வகுக்கப்பட்டிருந்தது. அடிமைமுறை ஒழிந்த 1865 ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அனுமதியின்றித் துவக்கு வைத்திருத்தலைத் தடைசெய்யும் சட்டமொன்றை இயற்றியது. கிளாரண்டன் அமைந்துள்ள மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்திலேயே, 1919 இல் எலெய்ன் என்னுமிடத்தில், தம் பருத்திக்கு நியாய விலை கோரிச் சங்கம் அமைத்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் பெருந்தொகையிற் கொல்லப்பட்டனர். வேட்டைக் கழகங்களின் ஓய்வும் பருத்தி நிலங்களின் உழைப்பும் ஒரே மண்ணில் அருகருகே நிலவியவை. ஒன்றின் ஓசை இலக்கியமாயிற்று. மற்றொன்றின் ஓசையை நீண்ட காலம் எவரும் பதிவு செய்யவில்லை.

1948 டிசெம்பரிலிருந்து 1950கள் வரையிலான இடைவெளியும் இத்தகையதே. ஆர்க்கன்சோவின் தெருவோரத்தில் விழுந்த துவக்கு பல கைகளைக் கடந்தே அக்குடும்பத்தை வந்தடைந்திருத்தல் வேண்டும். அக்கைகள் எவையும் வரலாற்றிற் பெயர் பெறவில்லை. ஒரு பொருளின் வரன்முறைச் சங்கிலியில் எழுத்தறிந்தோரும் வசதியுடையோரும் கண்ணிகளாகத் தெரிவர். ஏனையோர் இடைவெளிகளாகவே தெரிவர். இடைவெளிகளையும் மனிதர் நிரப்பியிருந்தனர் என்பதை நினைவிற் கொண்டு எழுதுவதே வரலாற்றாசிரியரின் கடமையாகும்.

7

இவ்வாராய்ச்சி எமக்குப் புறம்பான ஒன்றன்று. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இருந்த லெவ்கே பீரங்கியை இங்கு நினைவுகூரலாம். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அச்சிறு பீரங்கி, லெவ்கே திசாவையாற் கண்டி மன்னருக்கு வழங்கப்பட்டதென்றும், 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கவர்ந்து செல்லப்பட்டதென்றும் இரு நாட்டு ஆய்வாளரும் கூடி ஆராய்ந்து நிறுவினர். அங்கும் பொறிப்பு, சிங்கம், சூரியன், சந்திரன் ஆகிய அரச சின்னங்கள், ஒல்லாந்தரின் ஆவணங்கள் ஆகிய பல்வகைச் சான்றுகளும் இணைத்து நோக்கப்பட்டன. 2023 யூலையில் நெதர்லாந்து அரசு திருப்பியளிக்க முடிவு செய்தது. அவ்வாண்டு டிசெம்பரில் பீரங்கி கொழும்பை வந்தடைந்தது.

முறையியல் நோக்கில் இரண்டும் ஒத்தவை. உடைமை நோக்கில் முற்றிலும் வேறானவை. போ-வூப் மறதியால் இழக்கப்பட்டது. லெவ்கே பீரங்கி படைவலியாற் பறிக்கப்பட்டது. மறதியால் இழந்ததைக் காலவெல்லைச் சட்டங்கொண்டு தீர்க்கலாம். பறிக்கப்பட்டதைக் காலம் நியாயமாக்கிவிடும் எனக் கொண்டிருந்தால் அப்பீரங்கி இன்று கொழும்பில் இருந்திராது. நீதிமன்றத் தீர்ப்பினால் அன்று, காலனித்துவ அநீதியை ஏற்றுக்கொண்ட அரசியல் முடிவினாலேயே அது மீண்டது.

எனவே தொலைந்த பொருளொன்று எம்முன் வைக்கப்படும்போது, இஃது எது என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எவ்வாறு இழக்கப்பட்டது, இடையில் எவரெவர் கையிலிருந்தது, எவருடைய உழைப்பு அதன் புகழிற் கரைந்துள்ளது என்பனவும் கேட்கப்பட வேண்டும். முதல் வினாவுக்கு உருக்கும் மரமும் விடை தரும். ஏனையவற்றுக்கு மனிதரே விடை தரவேண்டும்.